ஹோசியாவுக்குப் பின்னால்

டெட்ராய்ட்
3 மார்ச் 1946

அன்புள்ள ஐசம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் தங்கை அர்லீத்தா எழுதுவது. கர்த்தர் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்தேன். லுவீனியா அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே பனி இன்னும் விடவில்லை. சலவைக்கூடத்துக்குள் நீராவியில் வேகிறோம், வாசலைத் தாண்டினால் விறைக்கிறோம்.

திங்கட்கிழமை தோறும் நீயும் உன் சிநேகிதன் ஹோசியாவும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டு, வெட்டினது கோணல் என்று சண்டை போடுவது இன்னும் நடக்கிறதா? போன தடவை வந்தபோது உன் பின்மண்டையைப் பார்த்தேன். சண்டையில் நியாயம் உன் பக்கம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்சித் தேர்தலில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம் என்ற விதியைக் கோர்ட்டு தூக்கி எறிந்துவிட்டது என்று எங்கள் பாஸ்டர் வாசித்துச் சொன்னார். ஜூலையில் நடக்கும் கட்சித் தேர்தலில் ஜெயிக்கிறவன்தான் ஜார்ஜியாவில் கவர்னர். நவம்பரில் நடப்பது வெறும் சம்பிரதாயம். இத்தனை வருஷமாக நம் கறுப்பு ஜனங்களை ஜூலையில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, நவம்பரில் "வாங்க, வாங்க" என்றார்கள். இப்போது ஜூலைக் கதவு திறந்திருக்கிறது.

போய்ப் பெயரைப் பதிந்துகொள், அண்ணே. அண்ணியையும் கூட்டிக்கொண்டு போ. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லாதே. உன் அடுத்த வாரங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் இருவரையும் ஜெபத்தில் நினைக்கும்,
அர்லீத்தா

*

லாட்டிமோர், ஜார்ஜியா
24 மார்ச் 1946

அன்புத் தங்கை அர்லீத்தாவுக்கு ஐசம் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகம். அண்ணியின் மூட்டு மழைக்கு முந்தின நாள் மட்டும் முனகுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீராவியிலிருந்து வந்து நேராகக் குளிரில் நிற்காதே.

நீ சொன்ன அடுத்த வாரம் போன வாரமே வந்துவிட்டது. நான், லுவீனியா, ஹோசியா, இன்னும் நம் சபைக்காரர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமை உடுப்பைச் செவ்வாய்க்கிழமையே போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். உள்ளே இருந்த குமாஸ்தா பேனாவை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹோசியா கையெழுத்துப் போட்டு முடித்ததும் மையை ஊதி ஊதிக் காய வைத்தான். "போதும்டா, கடுதாசி பறந்துடப் போகுது" என்றேன். "பறக்கட்டும். என் பேரு எங்க போய் விழுந்தாலும் என் பேருதான்" என்றான்.

என் முடிதிருத்தும் கடை எப்போதும் போல. சதுக்கத்தில் இருக்கும் கடை என்பதால் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் வருகிறார்கள். நம் ஆட்கள் தலையை ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஹோசியா தன் கடையில் பார்த்துக்கொள்கிறான். என் நாற்காலியில் நம் ஆள் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் கடை இருக்காது என்பது உனக்குத் தெரியாததா? மிஸ்டர் டிட்வெல் தினமும் காலையில் சவரத்துக்கு வருகிறார். கட்டடமும் அவருடையது, மாவட்டத்தில் கட்சியும் அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு, நான் ஒருத்தன் அங்கே இல்லாதது போல, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் பேசுவார். நான் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருப்பேன்.

போன திங்கட்கிழமையும் ஹோசியா கோணலாகத்தான் வெட்டினான்.

இப்படிக்கு உன் அண்ணன்,
ஐசம்

*

டெட்ராய்ட்
7 ஏப்ரல் 1946

அண்ணே, நலமா? நான் மிக மிக நலம். ஏன் என்று கேள். உன் கடிதத்தை இன்று சபையில் எழுந்து நின்று வாசித்தேன். ஹோசியா மையை ஊதின இடம் வந்ததும் ஜார்ஜியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு கிழவர் சிரிப்பை நிறுத்தாமலே அழுதார். பாஸ்டர் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஜூலையில் நீ ஓட்டுப் போட்டதும் எழுதும் கடிதத்தையும் வாசிப்பதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆகையால் கொஞ்சம் நன்றாகவே எழுது. மழை, மூட்டுவலி என்று பக்கத்தை நிரப்பாதே.

அவசரமும் சந்தோஷமுமாக,
அர்லீத்தா

*

லாட்டிமோர்
9 ஜூன் 1946

அன்புத் தங்கைக்கு, உன் சுகத்தை விசாரித்து ஐசம் எழுதுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. வெயில் ஆரம்பித்துவிட்டது. பீச் பழம் இந்த வருஷம் சிறுத்துப்போயிற்று.

பெயர் பதிந்த நம் ஆட்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஊர்க்காரர் யாரோ ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இந்த நபருக்குப் படிப்பறிவும் நல்லொழுக்கமும் இல்லை, ஓட்டுரிமை ஏன் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் வந்து காரணம் காட்டட்டும் என்று அச்சடித்திருந்தது. எல்லாருக்கும் ஒரே வாசகம்.

ஹோசியாவிடம் அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சபையில் வாரந்தோறும் வேதபாடம் வாசிக்கிறவன் ஆயிற்றே, தங்குதடையில்லாமல் வாசித்தான்.

"கிளிப்பிள்ளை மாதிரி வாசிக்கிற. அர்த்தம் தெரியல உனக்கு."

"அர்த்தத்தைக் கேளுங்கய்யா, சொல்றேன்."

"அதான் தெரியலன்னு சொல்லிட்டேனே. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

அவ்வளவுதான். பெயரை அடித்துவிட்டார்கள். லுவீனியாவிடம் யார் வீட்டில் துணி வெளுக்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னாள். "அந்த அம்மாவுக்கு நீ இங்க வந்தது தெரியுமா?" என்றார்கள். தெரியாது என்றாள். அவள் பெயரும் போயிற்று. இனி அந்த வீட்டுக்குத் துணிக்கு வர வேண்டாம் என்று மறுநாள் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

கோர்ட்டு வாசலில் மரத்தடியில் எல்லாரும் நின்றோம். உள்ளே போன ஒவ்வொருத்தரும் வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அழுகையோ கோபமோ எனக்கும் வரவில்லை. பல்லைப் பிடுங்கும் முன்னால் மருந்து போட்டால் ஈறு இருக்கும் இடம் தெரியாமல் போகுமே, அப்படி இருக்கிறது.

உன் நலம் நாடும்,
ஐசம்

*

டெட்ராய்ட்
20 ஜூன் 1946

அன்புள்ள அண்ணனுக்கு, நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அண்ணிக்கு வேலை போய்விட்டதா? அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறாயே!

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹோசியாவை என்ன கேட்டார்கள் என்று எழுதினாய், அண்ணியை என்ன கேட்டார்கள் என்று எழுதினாய். உன்னை என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்? உன் பெயர் இருக்கிறதா, அடித்துவிட்டார்களா? சபையில் எல்லாரும் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கட்சித் தேர்தல் இந்த வாரம் முடிந்தது. வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, ஓட்டைப் போட்டுவிட்டு, அதே பஸ்ஸைப் பிடித்தேன். மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரி கேட்ட பிறகுதான் ஓட்டுப் போட்டதே ஞாபகம் வந்தது. உனக்கு எழுதும்போது அது வெட்கமாக இருக்கிறது.

உடனே பதில் எழுது.
அர்லீத்தா

*

லாட்டிமோர்
30 ஜூன் 1946

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

வெயில் கடுமை. கொலார்ட் கீரை கருகிவிட்டது. அண்ணி இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். கடை நடக்கிறது. எனக்குத்தான் முடி ரொம்ப வளர்ந்துவிட்டது. கடைக்காரன் தலையே இப்படி இருந்தால் நன்றாகவா இருக்கிறது என்று மிஸ்டர் டிட்வெல் சிரித்தார். பிறத்தியார் தலையை எத்தனை வெட்டினாலும் தன் பிடரிக்குத் தன் கை எட்டுவதில்லை. ஹோசியாவுக்குத் திங்கட்கிழமைகளில் வேலை அதிகம் போலிருக்கிறது.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.
ஐசம்

*

லாட்டிமோர்
4 ஜூலை 1946

அன்புள்ள அர்லீத்தாவுக்கு லுவீனியா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நோட்டீஸே வரவில்லை. பெயர் அப்படியே இருக்கிறது. இந்த ஊரில் நம் ஆட்களில் அவர் பெயர் ஒன்றுதான் மிச்சம்.

மே மாசக் கடைசியில் ஒரு நாள் காலை, முகமெல்லாம் நுரையோடு டிட்வெல் சொன்னாராம்: "ஐசம், உன் பேர்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் சொல்லி வச்சுட்டேன். நீ எங்க ஆளு. ஆனா ஓட்டுப் போடற அன்னிக்கு நீ கண்டிப்பா வரணும். வடக்கேருந்து பத்திரிகைக்காரன் எவனாவது வந்து கேமராவ நீட்டுவான். தகுதி உள்ளவனுக்கு எங்க ஊர்ல ஓட்டு உண்டுன்னு காட்டணும்ல?" கையில் கத்தியும் கத்தியின் கீழ் அந்த மனுஷன் கழுத்தும். இவர் "நன்றிங்கய்யா" என்றாராம். வேறு என்ன சொல்வார்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஆறவில்லை.

கோர்ட்டில் அன்று மரத்தடியில் இவரும் எங்களோடு நின்றார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் இவர் மட்டும் நின்றார், கதவைச் சாத்திவிட்டார்கள். ஹோசியா இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அதற்கப்புறம் திங்கட்கிழமை வரவில்லை. இவர் அங்கே போனார். "இன்னிக்கு ஆள் அதிகம்" என்றானாம். கடையில் ஒரு ஈ காக்கை இல்லையாம்.

சபையில் எங்கள் பெஞ்சில் இப்போது நாங்கள் இருவர் மட்டும்தான் உட்காருகிறோம். என் பெயரையும் அடித்துவிட்டார்கள் என்பதை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. நானும் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன், உப்பை நகர்த்தி வைக்கிறேன். கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவரைத் திட்டி எழுதாதே. புகழ்ந்தும் எழுதாதே.
லுவீனியா

*

டெட்ராய்ட்
9 ஜூலை 1946

அண்ணே,

அண்ணி எழுதியிருந்தாள். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் போகாதே என்று எழுதினேன். அவர்கள் காட்சிப் பொருளாக உன்னை நிறுத்தி வைக்க விடாதே என்று பெரிதாக எழுதினேன். பஸ் பிடிக்கிற வழியில் ஓட்டுப் போட்டவள் நான், அதை எழுத எனக்கு என்ன யோக்கியதை?

போ, அண்ணே. போய்ப் போடு. அவர்கள் நிறுத்தியிருக்கும் ஆளுக்கு எதிராகப் போடு. நம் ஊரில் மிச்சமிருக்கிற ஒரே ஓட்டு அது. ஹோசியாவுக்கும் அண்ணிக்கும் சேர்த்துப் போடு. ஹோசியா பேசாவிட்டால் போகட்டும், காலம் வந்தால் பேசுவான். போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. நான் சொன்னேன் என்று போடு, பழி என் மேல் இருக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அர்லீத்தா

*

லாட்டிமோர்
21 ஜூலை 1946

அன்புத் தங்கை அர்லீத்தாவுக்கு, உடம்பளவில் சுகமாக இருக்கும் ஐசம் எழுதுவது.

பதினேழாம் தேதி, தேர்தல் அன்று நடந்ததை எழுதுகிறேன். சபையில் வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம்.

காலையில் மிஸ்டர் டிட்வெல்லுக்குச் சவரம் செய்தேன். "மத்தியானம் வா, பெட்டியண்ட நானே இருப்பேன்" என்றார். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. போடத்தான் போனேன், அர்லீத்தா. அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

போனால் அங்கே நம் ஆட்கள் நிற்கிறார்கள். பெயர் அடிபட்டவர்கள் எல்லாரும். லுவீனியாவும் நின்றாள், எனக்குச் சொல்லவே இல்லை. பெயர் இல்லை என்று தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று காவலுக்கு நின்றவன் கேட்டதற்கு ஹோசியா சொன்னானாம், "இல்லன்னு என் மூஞ்சியப் பார்த்து இன்னொரு வாட்டி சொல்லட்டும், போயிடறேன்."

நமக்கு வரிசை வேறு. வெள்ளைக்காரர் வரிசையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் குமாஸ்தா இந்தப் பக்கம் திரும்புவான். திரும்பினாலும் ஒரு பெயரைத் தேட முழுப் புத்தகத்தையும் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவான். கடைசியில் இல்லை என்பான். நிற்கிறவர்கள் சலித்துப் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. யாரும் போகவில்லை.

டிட்வெல் வாசற்படியில் நின்று கையைத் தூக்கினார். பக்கத்தில் கேமராவோடு ஒருத்தன்.

"ஐசம்! இங்க வா. உனக்கு அந்த வரிசை கிடையாது."

வரிசையில் ஒரு தலையும் திரும்பவில்லை. கடைசி ஆளாக ஹோசியா நின்றிருந்தான். எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிடரியில் முடி காலருக்கு மேலே சுருண்டு வழிந்திருந்தது, அர்லீத்தா. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன். அத்தனை வாரமாக அவனும் வேறு யார் கையிலும் தலையைக் கொடுக்கவில்லை. அவன் பின்மண்டை என் வேலை. அது அப்படிக் கிடந்தது.

நான் யோசித்து எதுவும் செய்யவில்லை. போய் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஐசம், காது கேக்கலையா? உன் பேரு இருக்குடா. இவங்க பேருதான் இல்ல."

"இருக்குதுங்கய்யா. ஹோசியாவுக்கு அப்புறம் வர்றேன்."

"அதுக்குள்ள பொழுது போயிடும்."

"சரிங்கய்யா."

கேமராக்காரன் என்னைப் பார்த்தான், டிட்வெல்லைப் பார்த்தான், கேமராவைத் தோலுறைக்குள் போட்டுக்கொண்டான். டிட்வெல் அப்புறம் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தாடையை ஒரு தடவை தடவினார்.

வெயில் சரிந்து நிழல் எங்கள் மேல் ஏறியது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக இல்லை, இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்கள். லுவீனியாவும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஹோசியா மேஜைக்குப் போவதற்கு முன் கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் மூஞ்சியைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஓட்டுப் போடவில்லை. மிச்சமிருந்த அந்த ஒன்றும் போயிற்று.

ஹோசியா திரும்பி என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். நானும் லுவீனியாவும் ஒன்றாக நடந்து வந்தோம். அவள் வழியில் என் கோட்டுத் தூசியைத் தட்டிவிட்டாள். அவர்கள் ஆள்தான் ஜெயித்தார் என்று மறுநாள் சொன்னார்கள். நெஞ்சுக்குள் ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் வெந்நீர் போட்டுத் துண்டை நனைத்து வைத்தேன். யாரும் வரவில்லை.

ஐசம்

*

டெட்ராய்ட்
28 ஜூலை 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைச் சபையில் வாசிக்கவில்லை. எழுந்து நின்றேன், கடிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போடு என்று எழுதினவள் நான். நீ போட்டிருந்தால் இப்போது எப்படி இருந்திருப்பேன் என்று தெரியவில்லை. நீ போடாததற்கும் எனக்கு அழுகை வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்காதே.

இங்கே வந்துவிடுங்கள், அண்ணே. எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடைகள் நிறைய. யாருக்கு வேண்டுமானாலும் முடி வெட்டலாம். என் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது.

அண்ணிக்கு என் முத்தம்.
அர்லீத்தா

*

லாட்டிமோர்
18 ஆகஸ்ட் 1946

அன்புத் தங்கைக்கு, உன் அறைக்கும் அன்புக்கும் நன்றி. நாங்கள் சுகம். அண்ணிக்கு மூட்டு முனகுகிறது, மழை வரும் போலிருக்கிறது.

கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். டிட்வெல் வரவில்லை. சாமான்களை நடைபாதையில் எடுத்து வைத்துவிட்டார்கள். கண்ணாடி அவருடையது, விட்டுவிட்டேன். நாற்காலி என்னுடையது. இரும்பு நாற்காலியைத் தனியாக எப்படி நகர்த்துவது என்று அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சதுக்கத்தில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஹோசியா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் அவன் பிடித்தான், ஒரு பக்கம் நான். ரயில்பாதையைத் தாண்டும்போது மட்டும், "பாத்து, கால்ல போட்டுக்காத" என்றான். அவன் கடையில் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினோம். அவன் துணியை உதறினான்.

"உக்காரு" என்றான்.

எந்த நாற்காலியில் என்று பார்த்தேன். என் நாற்காலியைத்தான் தட்டிக் காட்டினான். இத்தனை வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை, அர்லீத்தா. பின்பக்கம் நின்றுதான் பழக்கம். உட்கார்ந்தேன். தோல் மெத்தை நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. அவன் மெஷினை எடுத்துப் பிடரியில் வைத்தான். குளிர்ந்த இரும்பு பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் கவனிக்காதது போல வெட்டிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் அவன் உட்கார்ந்தான், நான் வெட்டினேன்.

டெட்ராய்ட் பற்றி லுவீனியாவிடம் சொன்னேன். இரண்டு வருஷத்தில் மறுபடியும் கட்சித் தேர்தல் வருகிறது, மறுபடியும் பெயர் பதிய வேண்டும் என்கிறாள்.

பின்பக்கம் கோணலாகத்தான் வெட்டியிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அண்ணன்,
ஐசம்